லமாராவின் குதிரை வழி

எங்கள் கட்டிடத்தின் நாலாவது மாடியில் எனக்கு எதிர்வீட்டுக்காரி லமாரா. காலுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகச் சோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். மேஜையில் மரத்தால் செய்த கால் ஒன்று தலைகீழாக நிற்கும். அதில் காலுறையை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றுவாள். தையல் விட்டிருந்தால் இடப்பக்கக் கூடை, விடாதிருந்தால் வலப்பக்கம். அவ்வளவுதான் வேலை. ஆனால் விட்ட தையலைத் தேடும் கண்ணை மணி அடித்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியாதே. அந்தக் கண்ணையும் ஒரு புருஷனையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வது சுலபமில்லை என்று எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

புருஷன் முர்மான், குத்தாய்சி நகரச் சதுரங்க மன்றத்தின் பயிற்சியாளர். மாஸ்டர் பட்டத்துக்குப் போய் இரண்டு முறையும் அரைப் புள்ளியில் தவறவிட்டுத் திரும்பியவர். ஆனாலும் ஊர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரும் மறுத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்ப்பெட்டியில் மெத்தையோடும் செப்புப் பாத்திரத்தோடும் ஒரு சதுரங்கப் பலகையும் வைப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது அலமாரி உச்சிக்கு ஏறிவிடும், அதன்மேல் ஊறுகாய்ப் பாட்டில்கள் உட்கார்ந்துகொள்ளும். லமாரா என்னை மன்றத்துக்கு இழுத்துப்போகும்வரை என்னுடையதும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. லமாராவுடையது ஏறவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே முர்மான் அவள் தொழிற்சாலையில் மாலை வகுப்பு நடத்த வந்து, அவளுக்கு ஒரே ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார்.

ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை முதலில் இரண்டு கட்டம் தள்ள வேண்டும். அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயை எதிராளிக்குத் தின்னக் கொடுப்பதுபோல் நீட்ட வேண்டும். நடுவில் ஒரு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய் மாற்றிக்கொண்ட பிறகு ஆட்டம் அடங்கிவிடும். அதன்பின் இடப்பக்கம் இருக்கும் இரண்டே சிப்பாய்களை எதிராளியின் மூன்றின்மேல் மெல்ல நடத்தி, பி ஐந்து என்ற கட்டத்தில் கொண்டுபோய் இடிக்க வேண்டும். இடித்தால் எதிராளியின் வரிசையில் ஒரு தையல் விடும். விட்ட தையலைப் பிடித்துக்கொண்டு முப்பது நகர்த்தல் இழுக்கலாம். இது லமாராவுக்கென்றே யாரோ நெய்துவைத்த மாதிரி இருந்தது. காதலிக்கும் காலத்தில் முர்மான் வேறு என்னதான் பேசினார் என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, பி ஐந்து தவிர எதுவும் ஞாபகமில்லை என்றாள்.

ஆறு வருஷம் முன்பு அவள் மகளுக்குத் தட்டம்மை போட்டது. பத்து நாள் ஜன்னல் திரைகளை மூடிவைத்து, கட்டிலின் கால்மாட்டில் பலகையைப் போட்டுக்கொண்டு, லமாரா தனக்கு எதிராகத் தானே ஆடிக்கொண்டிருந்தாள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். கறுப்புக் காய்க்காரர் தன் குதிரையை முன்னால் ஓட்டாமல் பின்னால் கடைசி வரிசைக்கே கொண்டுபோய், அங்கிருந்து சுற்றி ராணியின் வரிசையில் டி ஆறில் நிறுத்திவிட்டால், பி ஐந்து செத்தது. இடித்தாலும் ஒன்றும் விடாது. முர்மான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது இழுத்து வந்து காட்டினாள். யாராவது இதை ஆடினால் நான் தொலைந்தேன் என்றாள். சோப்பு நுரையோடு அவர் குனிந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். வேறு ஊரில் வேறு யாரோ இதைக் கண்டிருக்கலாம், ஏதாவது புத்தகத்தில்கூட இருக்கலாம். எங்கள் ஊரில் அது லமாராவுடையது. அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஏழு மாதம் கழித்து என்னிடமும் சொன்னாள், அப்போது மூன்று பேர்.

எத்தேரி வந்தது மூன்று வருஷம் முன்பு. சம்த்ரேதியா என்ற பக்கத்து ஊரிலிருந்து மருந்தாளுநர் படிப்புக்கு வந்த பெண். அப்போது வயது இருபது. ஒல்லி, நெற்றியில் விழும் முடியை ஊதியே ஒதுக்குவாள். மன்றத்தில் சேர்ந்த அன்றே என்னைப் பதினேழு நகர்த்தலில் தோற்கடித்தாள். என்னைத் தோற்கடிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முர்மான் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதை லமாரா எதிர் வரிசையிலிருந்து பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. முர்மான் ஒரு மழை நாளில் குடையில்லாமல் வந்தார், குடை எத்தேரியிடம் போயிருந்தது. அவளைப் படுமி நகரத்துக்குப் போட்டிக்குக் கூட்டிப்போனபோது அவர் அலமாரியிலிருந்து நல்ல மேலங்கியை எடுத்தார். இதெல்லாம் லமாரா என்னிடம் கணக்காகச் சொல்வாள், நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அவள் தாங்காமல் போனது ஓர் அட்டைக்கோப்பைப் பார்த்த அன்றுதான். லமாராவின் ஆட்டத் தாள்கள் சமையலறை இழுப்பறையில் பியூஸ் கம்பியோடும் இருமல் மாத்திரையோடும் கிடந்தன. எத்தேரியின் தாள்களுக்குப் பச்சை அட்டைக்கோப்பு, அதற்கு நாடா வேறு. கோப்பு இருந்த இடம் அவர்கள் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு.

ஊரில் பேச்சும் இருந்தது. நான் பார்த்தவரை அப்படி எதுவுமில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"அப்படி ஏதாவது இருந்தாத் தேவலைடீ நூனு," என்றாள். "ரெண்டு தட்டை உடைச்சு, அவ முடியைப் பிடிச்சு ஒரு இழு இழுத்து முடிச்சிருவேன். அவ ஆடற ஆட்டத்தை அந்த மனுஷன் ஒரு பார்வை பார்க்கிறான் பாரு. அதுக்கு நான் யார் முடியைப் பிடிக்கிறது?"

இந்த எழுபத்தாறாம் வருஷம் வசந்தத்தில் நகரப் பெண்கள் போட்டி வந்தது. பத்து பேர். முதலாவது வருபவள் தலைநகர் திபிலிசியில் நடக்கும் குடியரசு அளவிலான போட்டிக்குப் போவாள், ஒரே ஒரு இடம். லமாரா இதற்குமுன் மூன்று முறை இரண்டாவது வந்திருந்தாள். வயது நாற்பத்தொன்று. அடுத்த வருஷத்திலிருந்து தொழிற்சாலையில் மாறுவேளை முறை வருகிறது, சனிக்கிழமையும் வேலை, போட்டிக்கு விடமாட்டார்கள். போனால் இந்த முறை போக வேண்டும்.

கடைசிச் சுற்றில் எத்தேரியும் லமாராவும் எதிரெதிரே. எத்தேரி அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். அவளுக்குச் சமன் போதும். லமாராவுக்கு வெற்றி வேண்டும். வெள்ளைக் காய் லமாராவுக்கு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடிகாரத்தை அமுக்கினார் நடுவர் ஷல்வா மாமா. லமாரா ராணிச் சிப்பாயைத் தள்ளினாள். பத்து நகர்த்தலுக்கு இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. நான் என் ஆட்டத்தைச் சீக்கிரமாகத் தோற்றுவிட்டு (எனக்கு ஒன்பதாவது இடம், பத்தாவது வந்தவளுக்குக் காய்ச்சல்) அவர்கள் மேஜைப் பக்கம் போய் நின்றேன். எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி முர்மான். அவர் எத்தேரிக்கும் பயிற்சியாளர், லமாராவுக்கும் பயிற்சியாளர். படிவத்தில் இரண்டு பெயருக்கு நேராகவும் அவர் பெயர்தான்.

இருபதாவது நகர்த்தலில் எத்தேரி நெற்றி முடியை ஊதிவிட்டு, குதிரையை எடுத்தாள். பின்னால், கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

 இன்னும் இரண்டு எட்டில் அது எங்கே வந்து நிற்கும் என்று எனக்கே தெரிந்தது. லமாரா பலகையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். முர்மான் உதட்டை மடித்து ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். தன் மாணவி நல்ல நகர்த்தல் ஆடினால் எந்த வாத்தியாரும் சிரிக்கிற சிரிப்புத்தான் அது. ஆனால் லமாராவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்தது.

அதன்பின் அவள் கஞ்சத்தனமாக ஆடினாள். எதையும் விடவில்லை, எதையும் பிடிக்கவுமில்லை. நாற்பது நகர்த்தல் முடிந்து மூன்று மணி ஆயிற்று. ஐந்து மணி நேரத்தில் முடியாத ஆட்டத்தை நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். முறை யாருடையதோ அவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் அந்த உறையைப் பிரித்துத்தான் ஆட்டம் தொடங்கும். அதுவரை எழுதியவருக்கு மட்டும்தான் அது தெரியும். என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்து எதிராளி மண்டையை உடைத்துக்கொள்ளலாம்.

முறை லமாராவுடையது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது எத்தேரி எழுந்து சுவர்ப் பக்கம் போய் முர்மானிடம் ஏதோ கேட்டாள், அவர் குனிந்து காதுகொடுத்தார். லமாரா சட்டென்று எழுதினாள். நாக்கால் உறையை நனைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. மேஜையிலிருந்த தேநீர்த் தம்ளர்கள் ஆடின. ஷல்வா மாமா உறையை வாங்கித் தன் உட்பையில் வைத்து மேலங்கிப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

படியில் இறங்கும்போது முர்மான் மனைவியிடம் நியாயம் பேசினார். நீ எழுதியது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அதனால் நான் இன்று அவளோடு உட்காருவதுதான் முறை என்றார். மன்றத்தில் ஆறு மணிக்கு ஏதோ சொற்பொழிவு, மேஜைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், எத்தேரி இருப்பதோ ஒரு சித்தி வீட்டுக் கட்டிலின் பாதியில். அதனால் நம் வீட்டுச் சமையலறைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.  லமாரா சந்தையில் நின்று பாலாடைக்கட்டியும் வால்நட்டும் வாங்கினாள். எதிரியே ஆனாலும் வீட்டுக்கு வருகிறவள் சாப்பிடாமல் போகக் கூடாதே.

ஐந்து மணிக்கு எத்தேரி வந்தாள், கையில் ஒரு கட்டு வெள்ளைப் பூ. அக்கா தப்பா நினைக்காதீங்க, எனக்கு வேற இடமில்ல என்றாள். லமாரா பூவை வாங்கி ஊறுகாய்ப் பாட்டிலில் செருகினாள். மாவைப் பிசைந்து, பாலாடைக்கட்டியைத் துருவி, கச்சாப்புரி ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு, என்னைக் கூப்பிட்டுக்கொண்டு படுக்கையறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் சட்டைப்பை அளவுப் பலகையை விரித்தாள்.

"என்னடீ எழுதினே?" என்று கேட்டேன்.

அவள் ஒரு சிப்பாயை நடுவில் தள்ளி வைத்தாள். இ நான்கு.

நான் அவளைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக இந்த ஆட்டத்தில் அவள் நடுவைத் தொட்டதில்லை. இடப்பக்கம், இரண்டு சிப்பாய், பி ஐந்து. அதுதான் லமாரா.

"எதுக்கு எழுதினேன்னு கேக்காதே," என்றாள். "அந்த மனுஷன் குனிஞ்சதைப் பார்த்தேன். கை எழுதிருச்சு."

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். முர்மானின் குரல் தெளிவாகக் கேட்டது. பி ஐந்தைத்தான் எழுதியிருப்பாள் என்று அவர் எத்தேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவளைத் தெரியாதா, வேறு எதையும் எழுத அவளால் முடியாது, பி ஐந்துக்கு என்ன பதில் என்று மட்டும் பார்ப்போம், சமன் உன் கையில் இருக்கிறது. எத்தேரி வேறு ஏதோ கேட்டாள். அதற்கும் பி ஐந்து என்றார்.

லமாராவின் முகத்தில் ஒரே சமயத்தில் இரண்டு விஷயம் ஓடியது. தப்பான கதவைத் தட்டுகிறார்கள் என்ற சந்தோஷம். என்னை இவ்வளவுதான் தெரியுமா இந்த மனுஷனுக்கு என்ற எரிச்சல். எரிச்சல்தான் தங்கியது.

ஒரு மணி நேரம் இ நான்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கோபத்தில் எழுதியது என்றாலும் மோசமில்லை. நடுவில் வந்த அந்தச் சிப்பாயை எத்தேரி தின்றால் லமாராவின் யானைகளுக்குப் பாதை திறந்துவிடும், டி ஆறில் காவலுக்கு நின்ற குதிரை தனியே மாட்டிக்கொள்ளும். தின்னாமல் விட்டுவிட்டுக் குதிரையை இன்னும் முன்னால், சி நான்கில் கொண்டுபோய்க் குத்தினால் லமாரா தோற்பாள். அதற்கு மருந்தே இல்லை. ஆக எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. எத்தேரி தின்பாளா, மாட்டாளா?

"சமன் வேணுங்கிறவ காயை மாத்திக்கத்தான் பார்ப்பா," என்றேன் நான்.

"அவன் பக்கத்துல உக்காந்து 'எடுக்காதே'ன்னு ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும்," என்றாள் லமாரா.

கச்சாப்புரி வெந்ததும் எல்லாரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். பலகையை நகர்த்தி ஜன்னல் திட்டில் வைத்தார்கள். முர்மானின் அண்ணன் அனுப்பிய கறுப்பு ஒயின் இருந்தது. மேஜையில் ஒயின் இருந்தால் வீட்டுக்காரர் எழுந்து வாழ்த்துச் சொல்லியே ஆக வேண்டும், அதன்மேல் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வார்த்தையைச் சேர்க்க வேண்டும். முர்மான் முதலில் சமாதானத்துக்குச் சொன்னார், பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மூன்றாவதாக விருந்தாளிக்கு. எத்தேரியின் குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்றைக்கு மன்றமே வாயடைத்து நின்றதாம்.

"இந்தக் குதிரை வழி எத்தனையோ வருஷமா என் மண்டைக்குள்ளயே கிடந்துச்சு," என்றார். "ஆடிக்காட்ட ஒரு ஆள் கிடைக்கலை. இப்பதான் கிடைச்சுது."

எத்தேரி வெட்கப்பட்டுத் தட்டைப் பார்த்தாள். நான் லமாராவைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவருக்கு நிஜமாகவே அது தன்னுடையதாகத்தான் ஞாபகமிருந்தது. நானும் என் புருஷனும் எங்கள் வீட்டுத் திரைத்துணியை யார் தேர்ந்தெடுத்தது என்று இன்றுவரை சண்டை போடுகிறோம். ஆனால் திரைத்துணியை யாரும் வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிடுவதில்லை.

முறைப்படி லமாரா தன் வார்த்தையைச் சேர்க்க வேண்டும். கோப்பையோடு எழுந்தாள்.

"நான் தட்டம்மைக்குக் குடிக்கிறேன்," என்றாள்.

எத்தேரி திருதிருவென்று விழித்தாள். முர்மானும் முதலில் சிரிக்கப் போனார்.

"பத்து நாள், திரையெல்லாம் மூடி வச்சு. நீ சோப்பு நுரையோட வந்து நின்னே. மூணு தடவை ஆமான்னு தலையாட்டினே. பொண்ணுக்கு நல்லா ஆயிருச்சு. எனக்குத்தான் இன்னும் ஆகலை." ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்து, எத்தேரியின் தட்டில் இன்னொரு துண்டு கச்சாப்புரி வைத்தாள். "சாப்பிடு. ஆறிடும்."

முர்மானின் கோப்பை வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நின்றிருந்தது. அவர் அதைக் குடிக்காமலே கீழே வைத்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. பிறகு அந்த மேஜையில் யாருக்கும் வாழ்த்துச் சொல்லப்படவில்லை.

நாங்கள் படுக்கையறைக்குத் திரும்பிக் கால்மணி நேரம் இருக்கும். கதவு திறந்தது. முர்மான். அலமாரி மேலிருக்கும் பச்சைக் கோப்பு வேண்டுமாம், எத்தேரியின் ஒரு பழைய ஆட்டத்தைப் பார்க்க. கட்டிலில் பலகை திறந்து கிடந்தது, நடுவில் இ நான்கில் சிப்பாய். தலையணையை எடுத்து அதன்மேல் போட என் கை நீண்டது. லமாரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற மாதிரிப் பிடித்தாள்.

அவர் கோப்பை எடுத்தார், திரும்பினார், பார்த்தார். ஒரு நொடி அல்ல, மூன்று நான்கு நொடி. சதுரங்கக்காரரின் பார்வை அது, எல்லாவற்றையும் படித்துவிடும். லமாரா பலகையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. சதுரங்கக்காரி எவளும் இப்படிச் செய்ய மாட்டாள், இது பொண்டாட்டி செய்கிற காரியம். திபிலிசியைக் கட்டிலில் திறந்து போட்டு, எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் கொடுக்கிறாயா என்று புருஷனைக் கேட்டிருக்கிறாள்.

இரண்டு பேரும் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோப்பின் நாடா அவிழ்கிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. தாள்கள் புரண்டன. பிறகு முர்மானின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, பி ஐந்துக்கு அப்புறம் யானையை எங்கே வைப்பே என்று கேட்டது. அதற்குமேல் அவர் தாழ்ந்த குரலில் பேசினார். தாளில் எழுதிக் காட்டியிருந்தால் அது சுவருக்கு எப்படிக் கேட்கும்? எட்டு மணிக்கு எத்தேரி கிளம்பினாள். முர்மான் அவளைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டார். போக எட்டு நிமிஷம், வர எட்டு நிமிஷம். அவர் இருபத்திரண்டு நிமிஷம் கழித்து வந்தார் என்று மறுநாள் காலை லமாரா சொன்னாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஷல்வா மாமா பொத்தானைக் கழற்றி உறையை எடுத்தார். ஒட்டு பிரியாமல் இருப்பதை இரண்டு பேருக்கும் காட்டி, கத்தரியால் வெட்டினார். தாளைப் படித்தார். மறுபடி படித்தார். அவரும் பதினெட்டு வருஷமாக லமாராவைப் பார்ப்பவர். பிறகு கையை நீட்டிச் சிப்பாயை நடுவில் தள்ளினார்.

எத்தேரியின் வாய் லேசாகத் திறந்தது. அந்த முகம் நடிப்பதாக இருந்தால் அவள் மருந்துக்கடைக்குப் போக வேண்டியவளே அல்ல. லமாரா அந்த முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். ஆனாலும் முர்மான் நின்றிருந்த சுவர்ப் பக்கம் அவள் திரும்பவில்லை.

எத்தேரி முப்பத்தைந்து நிமிஷம் யோசித்தாள். இரண்டு முறை குதிரைக்கு மேலே கை போய்த் திரும்பியது. சி நான்கை அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கு வேண்டியது சமன், நடுவில் ஒரு சிப்பாய் தின்னக் காத்திருந்தது. முடியை ஊதிவிட்டு, தின்றாள்.

அதன்பின் லமாரா ஆடியது காலுறைச் சோதனை மாதிரி இருந்தது. ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இருபத்திரண்டு நகர்த்தலில் எத்தேரி கடிகாரத்தை நிறுத்திக் கைகொடுத்தாள். கையை விடாமலே கேட்டாள்.

"அக்கா, அந்தக் குதிரை வழி உங்களோடதா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஆடியிருக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது."

லமாரா அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அது பிடித்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை என்றும் தோன்றியது.

வெள்ளைப் பாலத்தின்மேல் நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். கீழே ரியோனி ஆறு பனி உருகிக் கலங்கலாக ஓடியது. பாதிப் பாலத்தில் முர்மான், நான் பார்த்தேன் என்றார். தெரியும் என்றாள். அவகிட்டச் சொல்லலை என்றார். அதுவும் தெரியும் என்றாள். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

"ஏன் சொல்லலை?"

முர்மானுக்கு நல்ல பதில்கள் எத்தனையோ இருந்தன. நீ என் மனைவி என்றிருக்கலாம். தட்டம்மை என்றிருக்கலாம். அந்த மனுஷன் உண்மையைச் சொன்னார்.

"அது தோக்குற நகர்த்தல். சி நாலுல குதிரை வந்தா முடிஞ்சுது. அவ எப்படியும் கண்டுபிடிச்சிருவான்னு நினைச்சேன். நான் சொல்ல என்ன இருக்கு?"

பாலத்திலிருந்து அவரைத் தள்ளிவிடப் போகிறாள் என்று நான் கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் லமாரா அதை மெதுவாக மென்று பார்த்தாள்.

"அவளைப் பத்தி அவ்வளவு பெருசா நினைச்சே," என்றாள்.

"நினைச்சேன்."

"தப்பா நினைச்சே."

"தப்பாத்தான் நினைச்சேன்," என்றார் முர்மான். லமாரா மறுபடி நடக்க ஆரம்பித்தாள். அந்த மாதத்தில் அவள் அவ்வளவு லேசாக நடந்து நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மன்றத்தில் படிவம் நிரப்பினாள். திபிலிசிக்குப் போகிறவளோடு ஆட்டத்துக்கு உதவ ஒருவரை அனுப்புவார்கள். இரண்டு வாரம், விடுதியில் ஒரே அறை அல்லது இரண்டு அறை. முர்மான் பழுப்பு நிற உடையைச் சலவைக்குப் போட்டிருந்தார். உடன் வருபவர் என்ற இடத்தில் லமாரா எத்தேரியின் பெயரை எழுதினாள்.

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிவிட்டது. பெரிய மனசுடீ உனக்கு, அவளுக்கும் ஒரு வழி விட்டாயே என்றேன். அவள் என்னைத் தையல் விட்ட காலுறையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"பெரிய மனசா? ரெண்டு வாரம் நான் அங்க உக்காந்து ஆடணும். அவளையும் இவனையும் ஒரே ஊர்ல விட்டுட்டுப் போனா எனக்குப் பலகை கண்ணுக்குத் தெரியுமா? அவ என் பக்கத்துக் கட்டில்ல படுக்கட்டும்."

முர்மான் சமையலறையில் நின்று, அப்போ எனக்கும் பொண்ணுக்கும் ரெண்டு வாரம் சாப்பாடு என்று கேட்டதாகவும், நூனு வீடு எதிரில்தானே இருக்கிறது என்று அவள் பதில் சொன்னதாகவும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு நாளும் அவரும் மகளும் எங்கள் வீட்டில் அவரைக்காய் சாப்பிட்டார்கள். தினமும் மாலையில் அவர் அஞ்சலகத்துக்குப் போய்த் திபிலிசிக்குத் தொலைபேசியில் பேசக் காத்து நின்றார். எத்தேரி எடுத்தால், லமாரா என்ன ஆடினாள் என்று கேட்பாராம். லமாரா எடுத்தால், எத்தேரி என்ன சொல்கிறாள் என்று கேட்பாராம்.

பதினாறு பேரில் லமாரா ஏழாவது வந்தாள். நான்கு ஆட்டத்தில் நடுச் சிப்பாயைத் தள்ளினாள், மூன்றில் ஜெயித்தாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது நல்ல இடம், செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது. ரயில் நிலையத்துக்கு நானும் முர்மானும் போயிருந்தோம். லமாராவும் எத்தேரியும் ஒரே பெட்டியிலிருந்து ஏதோ ஒரு யானை நகர்த்தலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். எத்தேரி சித்தியைத் தேடிப் போனதும் லமாரா பெட்டியைக் கீழே வைத்து, புருஷனின் காலரைச் சரிசெய்தாள். எனக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள்.

"அவ குறட்டை விடறா. சுவரே அதிருது."